இடுப்பில் இருந்த சாவி

ஓட்டல் மேனேஜர் வேலைக்கு நீங்களெல்லாம் புதிதாக வந்திருக்கிறீர்கள். இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்டில் பேனா, முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்பு எத்தனை மாதம் தாங்கும் என்று பந்தயம் கட்ட நான் வரவில்லை. சாம்பாருக்கு எத்தனை கிலோ பருப்பு, பில்லை எப்படிப் போடுவது என்பதெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஓட்டல் தரையில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றவன். அதில் இரண்டு வருஷம் என்னைக் கிட்டத்தட்ட முடித்துவிட்டது. அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நீங்கள் அதற்கு ‘பர்ன் அவுட்’ என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். நல்லது, பெயர் இருந்தால் டாக்டரிடம் சொல்லவாவது முடியும். எங்கள் காலத்தில் “மேனேஜருக்கு மண்டை சூடாயிடுச்சி” என்பார்கள். எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளிக்கச் சொல்வார்கள். நானும் தேய்த்துக் குளித்தேன். தலை மணத்தது, அவ்வளவுதான்.

மரக்காணத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்தது எங்கள் ஓட்டல். மேற்கு ஜன்னலைத் திறந்தால் சாலைக்கு அப்பால் உப்பளம். வெயில் ஏறினால் வாடிக்கையாளருக்குக் கண் கூசும் என்று அந்தப் பக்கம் எப்போதும் திரை போட்டிருப்போம். கிழக்கே சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டிக் கடலோரக் குப்பம். சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்குப் போகிற கார்கள் எங்கள் மீன் சாப்பாட்டுக்காகவே நிற்கும். உப்புக் காற்றில் இரும்புச் சாமான் எதுவும் நிலைக்காது. ஷட்டருக்கு எண்ணெய் போட்டு மாளாது.

அங்கே வருவதற்கு முன் சென்னையில் ஒருவரிடம் வேலை பழகினேன். பெயர் வேண்டாம், போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம்: “ஸ்டோர் சாவியைக் கட்டின பொண்டாட்டி கேட்டாலும் குடுக்காதே.” அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் ஸ்டோர் ரூமில் இருக்கும். காலையில் மேனேஜர் வந்து திறந்து அளந்து கொடுத்தால்தான் அடுப்பு எரியும். மதியத்துக்கு ஒரு தடவை, சாயந்திரத்துக்கு ஒரு தடவை மறுபடியும் திறக்க வேண்டும். அவர் அந்தச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தார். ஒருநாள் கல்லாவிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றியபோதும் சாவி இடுப்பில்தான் இருந்தது. இந்தக் கதையைப் பல வருஷம் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. நானும் அவரைப் போலவே கயிற்றில் கட்டிக்கொண்டேன்.

இரண்டாயிரத்து நான்கு டிசம்பரில் அந்த அலை வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலை. பரீட்சை லீவு, ஓட்டல் நிறையக் கூட்டம். எங்கள் கட்டடம் வரை தண்ணீர் வரவில்லை, ஆட்கள்தான் வந்தார்கள். ஈரத்தோடும் ரத்தத்தோடும் தோப்பைத் தாண்டி ஓடிவந்தார்கள். மேஜை விரிப்புகளை உருவிப் பெண்களுக்குப் போர்த்தினோம். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

எங்கள் சமையல்கட்டில் மீன் கழுவும் வேலைக்குக் குப்பத்திலிருந்து அஞ்சலை என்ற பெண் வந்துகொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். அன்று அவளுடைய புருஷனும், மூன்றாம் வகுப்பு படித்த மகனும் போய்விட்டார்கள். கருமாதி முடிந்த மறுநாள் அவள் பின்வாசலில் வந்து நின்றாள்.

“சார், நாளையிலேர்ந்து வரட்டுமா?”

“மீன் இல்லையே அஞ்சலை. யாரும் சாப்பிட மாட்டேன்றாங்க.”

அது உண்மை. கடலில் எத்தனை உடல் கிடக்கிறதோ என்று அப்போது ஒருவரும் மீனைத் தொடவில்லை.

“தெரியும் சார். நானுந்தான் தின்னல. வெங்காயம் உரிக்கிறேன்.”

“கொஞ்ச நாள் வூட்ல இருந்துட்டு வாயேன்.”

“எந்த வூட்ல சார்?”

வேறென்ன சொல்ல? வரச் சொன்னேன். மறுநாளிலிருந்து வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கள் சமையல் மாஸ்டர் பெரிய வாயாடி, எந்த நெருப்புக்கும் கலங்காதவர். அவருக்கே வெங்காயம் உரித்தால் கண்ணீர் கொட்டும். இவள் கண்ணில் ஒரு பொட்டு ஈரம் நான் பார்த்ததில்லை.

ஊர் அழிந்தால் ஓட்டல் படுத்துவிடும் என்றுதானே நினைப்பீர்கள்? நடந்தது நேர்மாறு. நிவாரணத்துக்கு வந்தவர்கள், பத்திரிகைக்காரர்கள், வீடு கட்ட அளக்க வந்த இன்ஜினீயர்கள், லாரி டிரைவர்கள் என்று எல்லாருக்கும் எங்கள் கடைதான். முகாம்களுக்குப் பொட்டலமும் நாங்களே போட்டோம். இட்லிச் சட்டி அடுப்பை விட்டு இறங்கவில்லை. என் குடும்பம் திண்டிவனத்தில் இருந்தது, பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனால் நான் போனால் காலையில் யார் ஸ்டோரைத் திறப்பது? முதலில் வாரம் ஒருமுறை போனேன். பிறகு மாதம் ஒருமுறை. அதற்கப்புறம் மாடி அறையிலேயே படுத்துக்கொண்டேன். சுற்றிலும் இத்தனை பேர் எல்லாவற்றையும் இழந்து நிற்கும்போது “எனக்குக் களைப்பாக இருக்கிறது” என்று சொல்ல வாய் வருமா? வெட்கமாக இருந்தது. இதைக் கவனியுங்கள். ஊரெல்லாம் துக்கம் இருக்கிற இடத்தில்தான் நம் களைப்பை நாம் மறைத்துவைப்போம்.

அது எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால், எனக்குத் தெரியாது. அடுத்தவர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. பந்தி தொடங்குமுன் மாஸ்டர் கரண்டியில் கொண்டுவருவதை மேனேஜர் ருசி பார்த்துச் சொல்ல வேண்டும், அது எங்கள் வழக்கம். ஒருநாள் ரசம் கொண்டுவந்தார். நாக்கில் வைத்து, “சரி, போடு” என்றேன். அவர் நகரவில்லை.

“சார், இதுல உப்பே போடல. உப்பளத்துக்கு எதிர்ல குந்திக்கினு இதுகூடத் தெரியலையா?”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உண்மையில் எனக்கு எந்த ருசியும் தெரிந்து வாரக்கணக்கில் ஆகியிருந்தது. வீட்டிலிருந்து போன் வந்தால் மணி அடித்து ஓயும் வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருவர் தன் தங்கையைத் தேடி வந்திருந்தார், அவள் எந்த முகாமிலும் கிடைக்கவில்லை. இலைக்கு முன்னால் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். அவரைப் பார்த்தபோது என் மனதில் வந்த ஒரே யோசனை, அந்த மேஜை எப்போது காலியாகும் என்பது. கல் நெஞ்சக்காரன் என்று நினைக்காதீர்கள். கல்லாகத்தான் ஆகிக்கொண்டிருந்தேன், ஆனால் நான் அப்படிப் பிறக்கவில்லை.

இனி அந்த மத்தியானம்.

அடுத்த கோடை. அப்போதெல்லாம் எங்காவது பூமி ஆடியது என்று டிவியில் ஒரு வரி ஓடினால் போதும், கடற்கரை முழுக்க வதந்தி பறக்கும். சாப்பாட்டு நேரம், எல்லா இலையிலும் சோறு. சைக்கிளில் வந்த ஒருவன் வாசலில் நின்று, “தண்ணி வருது, ஓடுங்க” என்று கத்திவிட்டுப் போனான். அவ்வளவுதான். நாற்காலிகள் சாய்ந்தன. கை கழுவாமல் ஜனம் ஓடியது. சர்வர்கள் வாளியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மாஸ்டர் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் ஓடினார், அதற்கு என் நன்றி அவருக்கு எப்போதும் உண்டு. எல்லாரும் சாலையைக் கடந்து மேற்கே உப்பளத்துக்குள் இறங்கினார்கள்.

நான் ஸ்டோர் ரூமைப் பூட்டினேன். சாவியை இடுப்பில் கட்டினேன். பிறகு கல்லாவுக்கு வந்து உட்கார்ந்தேன்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பல மாதமாக நான் கேட்காத அமைதி. பாதி தின்ற இலைகள்மேல் ஈ உட்கார ஆரம்பித்தது. வரட்டும் என்று தோன்றியது. பயம் இல்லை. பெண்டாட்டி பிள்ளைகள் முகம்கூட வரவில்லை. நாளைக் காலையில் எழுந்து ஸ்டோரைத் திறக்க வேண்டாம், அந்த ஒன்றுதான் மனதில் இருந்தது. அது எவ்வளவு பெரிய நிம்மதியாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு இப்போதும் பயமாக இருக்கிறது. சாவதற்கு நான் முடிவு எடுக்கவில்லை. எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். தம்பிகளே, தங்கைகளே, களைப்புக்கும் இந்த வியாதிக்கும் வித்தியாசம் இங்கேதான். களைத்தவனுக்குத் தூக்கம் வேண்டும். எனக்கு எல்லாமே நின்றால் போதும் என்று ஆகிவிட்டது.

வாசலில் அஞ்சலை வந்து நின்றாள். சாலையைக் கடந்த பிறகு ஆட்களைப் பார்த்திருக்கிறாள், நான் இல்லை என்று தெரிந்து திரும்பி ஓடிவந்திருக்கிறாள். கடல் இருக்கும் பக்கமாக ஓடிவந்திருக்கிறாள், அதுவும் அவள். கல்லாவுக்குள் நுழைந்து என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பித்தான் தெறித்தது. வெங்காயம் நாறும் அந்தக் கை என்னைச் சாலைக்கு மறுபுறம், உப்புப் பாத்திகளின் வரப்பு வரை இழுத்துக்கொண்டு போனது.

அங்கே ஊரே நின்றது. காரில் வந்த பெரிய மனிதர்கள் உப்புக் குவியலின் மேல் ஏறிச் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வரவில்லை. வரப்போவதும் இல்லை என்று மெல்ல மெல்ல எல்லாருக்கும் தெரிந்தது. சிலர் சிரிக்கக்கூடத் தொடங்கினார்கள். அஞ்சலை என் காலரை விடவில்லை.

“எங்க வூட்டுக்காரரும் இப்படித்தான் நின்னாரு” என்றாள். “கடல் உள்ள வாங்குச்சு. அத்த வேடிக்க பாத்துக்கினு நின்னாரு. புள்ளையும் கூட நின்னுது. நான் கூப்ட்டேன், திரும்பல. இன்னா வருதுன்னு அவருக்குத் தெரியாது சார். உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே குந்தினு இருந்தீங்க.”

“ஸ்டோரப் பூட்டிட்டு வரலாம்னு...”

“பொய் சொல்லாதீங்க. ஃபேன் காத்துல குந்தினு இருந்தீங்க.”

அவள் காலரை விட்டாள்.

“சாவறதுன்னா எங்கனா போய் சாவுங்க. என் கண்ணு முன்னால வாணாம். எனக்குப் போதும்.”

சொல்லிவிட்டு ஓட்டலுக்குள் போய், விழுந்த நாற்காலிகளை நிமிர்த்த ஆரம்பித்துவிட்டாள். நான் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். மாஸ்டர் பார்த்துவிட்டு, பயத்தில் அழுகிறேன் என்று நினைத்துச் சோடா வாங்கிக்கொடுத்தார்.

மறுநாள் முதலாளிக்கு போன் போட்டு லீவு வேண்டும் என்றேன். “ரெண்டு நாள் திருப்பதி போய்ட்டு வா, சரியாப்பூடும்” என்றார். ரெண்டு நாளில் சரியாகாது, எப்போது வருவேன் என்றும் தெரியாது என்று சொன்னேன். நான் அவரிடம் பேசிய முதல் முழு உண்மை அதுதான். சரி, சாவியை யாரிடம் கொடுப்பாய் என்று கேட்டார். சாவி சமையல்கட்டுக்குப் போகக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். நான் கயிற்றிலிருந்து அவிழ்த்து அஞ்சலையிடம் கொடுத்தேன். மாஸ்டருக்கு முகம் கறுத்துவிட்டது.

“வெங்காயம் உரிக்கிறவ கையில ஸ்டோர் சாவியா? நல்லா இருக்குது சார் நியாயம்.”

திண்டிவனத்தில் முதல் சில நாள் தூங்கினேன், பிறகு தூக்கமே போனது. என் மனைவி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. பாண்டிச்சேரியில் ஒரு மனநல டாக்டரிடம் அழைத்துப்போனாள். கல்லாவில் உட்கார்ந்திருந்ததை அவரிடம் சொன்னேன். சொல்லி முடிக்க வெகு நேரம் ஆனது. மாத்திரை கொடுத்தார், வாரம் ஒருமுறை வரவைத்துப் பேசினார். ஒரு தடவை கேட்டார்: “நீங்க வந்தப்புறம் ஓட்டல் மூடிட்டாங்களா?” இல்லை என்றேன். கோபம்தான் வந்தது எனக்கு. நான் இல்லாமல் இட்லி வேகிறது என்பது அவமானமாக இருந்தது. என் வியாதிக்கு வேலைப்பளு பாதிக் காரணம் என்றால், இந்தத் திமிர் மீதிக் காரணம். நான் இல்லாவிட்டால் ஓடாது என்கிற மாதிரி எல்லாவற்றையும் அமைத்துவைத்தது நான்தானே? கயிறு கட்டியதும் நான், அதில் மாட்டிக்கொண்டதும் நான்.

நாக்குக்கு ருசி திரும்பிய பிறகே வேலைக்குத் திரும்பினேன். வாரத்தில் ஒருநாள் திண்டிவனம் என்று முதலாளியிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். சாவியை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை.

கதை இங்கே முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நான் இடுப்பிலிருந்து இறக்கிவைத்ததை எடுத்து இன்னொருத்தி தலையில் ஏற்றியிருந்தேன். அஞ்சலை விடிவதற்கு முன்பே வந்துவிடுவாள், விளக்கணைத்த பிறகே போவாள். ஒருநாள் லீவு கிடையாது, பொங்கலுக்கும் கிடையாது. கூப்பிட்டால் காது கேளாதவள் மாதிரி இருப்பாள். எதைச் சொன்னாலும் “சரி சார்.” அந்த ‘சரி’ எனக்கு நன்றாகத் தெரிந்த ‘சரி.’ உப்பில்லாத ரசத்துக்கு நான் சொன்னது.

“ரெண்டு நாள் லீவு எடு அஞ்சலை.”

“எடுத்து?”

“தூங்கேன்.”

“கண்ண மூடுனா ரெண்டு பேரும் வர்றாங்க சார். இங்கயே இருக்கேன்.”

என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு வேலை விஷமாக இருந்தது. அவளுக்கு அது ஒன்றுதான் பிடிமானம். சாவியைப் பிடுங்கினால் அவள் விழுந்துவிடுவாளோ என்று பயம், விட்டுவைத்தால் என்னைப் போல ஆகிவிடுவாளோ என்று பயம். டாக்டரிடம் வரச் சொன்னேன். “பைத்தியமா சார் எனக்கு?” என்றாள். இப்படியே பல மாதம் ஓடியது. மேனேஜர் என்றால் எல்லாவற்றுக்கும் வழி வைத்திருப்பவன் என்று நினைத்திருந்தால் அந்த நினைப்பை இன்றே விட்டுவிடுங்கள்.

இரண்டாயிரத்து ஆறில் குப்பத்துக்காரர்களுக்கு வீடு கட்டி முடித்தார்கள். அதுவரை தகரக் கொட்டகையில் இருந்த அஞ்சலைக்கும் ஒரு வீடு கிடைத்தது. பால் காய்ச்சிய அன்றும் சாயந்திரம் வேலைக்கு வந்தாள். மறுநாள் காலையில் வரவில்லை.

அடுப்பு பற்றவைக்கவில்லை. சர்வர்கள் பின்வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் கடப்பாரையோடு ஸ்டோர் வாசலில் நின்றார்.

“ஒடச்சிடட்டுமா சார்?”

“இரு. பாத்துட்டு வர்றேன்.”

மொபெட்டை எடுத்துக்கொண்டு தோப்பு வழியாகப் போனேன். வழியெல்லாம் என் கண்ணில் தெரிந்தது அந்த மின்விசிறியும் காலி நாற்காலிகளும்தான். நான் அன்றைக்கு உட்கார்ந்த மாதிரி அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாளோ? கடலுக்குள் நடந்துவிட்டாளா? சாமி எதையும் கும்பிடாதவன் நான், அன்று எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

புது வீடுகள் வரிசையாக ஒரே நிறத்தில் நின்றன. வாசல் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெண், “கடைசி வூடு சார்” என்று கை காட்டினாள். கதவு சாத்தியிருந்தது. தட்டப் போன கையை இழுத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தேன். வெறும் சிமென்ட் தரையில் அஞ்சலை சுருண்டு படுத்திருந்தாள். முந்தானை முடிச்சில் இருந்த சாவி தரையில் கிடந்தது. அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏறி இறங்கியது. மறுபடி ஏறி இறங்கியது. வாய் திறந்திருந்தது. மெல்லிசாகக் குறட்டைகூட விட்டாள்.

மீந்துபோன செங்கல் கொஞ்சம் அங்கே கிடந்தது, அதன்மேல் உட்கார்ந்தேன்.

“எழுப்பட்டுமா சார்?” என்று பெருக்கிய பெண் கேட்டாள்.

“வாணாம்மா. தூங்கட்டும்.”

“வேலைக்கு நேரமாவுதே.”

“ஆவட்டும்.”

வெயில் ஏறியது. எதிரே கடல். அதை ரொம்ப நாள் கழித்துச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன், வரட்டும் என்று தோன்றவில்லை. கடைசியில் கதவு திறந்தது. தலை கலைந்து, கன்னத்தில் தரையின் தடத்தோடு அஞ்சலை வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் அரண்டுபோனாள்.

“ஐயோ, சாவி என்னாண்ட இருக்குது சார்.”

“இருக்கட்டும்.”

“தூங்கிட்டேன் சார்.” கொலை செய்துவிட்டவள் மாதிரி சொன்னாள். “கதவச் சாத்திட்டுப் படுத்தேன். கனவுல யாருமே வரல சார். ரெண்டு பேருமே வரல.”

அப்போதுதான் அவள் அழுது பார்த்தேன். வராதது நல்லதா கெட்டதா என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அழுது ஓயட்டும் என்று செங்கல் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

இருவரும் ஓட்டலுக்குத் திரும்பியபோது உச்சி நேரம். வாசலில் கார்கள் நின்றன. உள்ளே பந்தி நடந்துகொண்டிருந்தது. சாம்பார் வாசனை சாலை வரை வந்தது. அஞ்சலை கையில் சாவியை வைத்துக்கொண்டு திகைத்து நின்றாள். ஸ்டோர் ரூம் கதவு திறந்து கிடந்தது. பூட்டு தரையில் இரண்டாகக் கிடந்தது.

மாஸ்டர் கரண்டியோடு வெளியே வந்தார்.

“கோச்சுக்காதீங்க சார். எவ்ளோ நேரம் பாக்கறது?”

நான் பூட்டைக் கையில் எடுத்தேன். சென்னையில் ஒருவர் செத்தபோது இடுப்பில் இருந்ததும் இப்படி ஒரு பூட்டின் சாவிதான். வராத அலைக்காக என்னைக் கல்லாவில் உட்கார வைத்ததும் இதுதான்.

“எத்தினி அடி அடிச்ச?” என்று கேட்டேன்.

“எங்க சார் அடிச்சேன்? கடப்பாரைய வச்சி ஒரு நெம்பு. உள்ள பூரா துரு.”